களைக்காத கல்

"எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கக்கா" என்று இலையை முன்னால் தள்ளினாள் பிருந்தா. பாக்கியமேரி சட்டியைச் சாய்த்து, முளைக்கீரைக் கடைசலை வழித்துப் போட்டாள்.

"எங்க வாங்கினீங்க? இப்படி ஒரு ருசி."

"வாங்கறதா? எம் பொண்ணு ஏஞ்சலு மாசமா வூட்டுக்கு வந்துகீதுல்ல. பொண்ணுக்கு ரத்தம் ஊறணும்னு தொட்டிக்குப் பின்னால நானே போட்டேன் மேடம்."

பக்கத்து இலையில் சுகுமார் சோற்றைத் தொடவில்லை. அவன் கண்ணெல்லாம் வெளியே, தொட்டிமேல் இருந்த சோதனைக் குப்பியில்.

உத்திரமேரூர் பக்கத்து அந்த ஊரில் முலாம் பூசும் பட்டறையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. போர்த் தண்ணீரில் கலந்த ஈயம் மட்டும் போகவில்லை. அதைப் பிடிக்க பிருந்தாவும் சுகுமாரும் தங்கள் ஆய்வுக்கூடத்தில் கறுப்புக் கற்களைச் செய்து தொட்டியில் நிரப்பியிருந்தார்கள்.

கல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் ஓடும்போது ஈயம் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். துளைகள் நிறைந்துவிட்டால் கல் களைத்துப் போகும்.

கணக்குப்படி போன மழைக்காலத்திலேயே களைத்திருக்க வேண்டும். சோதனை தோற்றால் தொட்டியைக் கழற்றிக்கொண்டு வரும்படி மேலிடத்து உத்தரவு.

"மெய்யாலுமே தூக்கிக்கினு பூடுவீங்களா?" என்றாள் பாக்கியமேரி. தொட்டிக்குப் பொறுப்பு அவள்தான். "மாசமா கீற பொண்ணுக்கு மறுபடியும் அந்தத் தண்ணியவா குடுக்கச் சொல்றீங்க?"

"குப்பி சிவந்தா தண்ணில ஈயம் இருக்குன்னு அர்த்தம், தூக்கணும்கா. சிவக்கலன்னா இங்கயே இருக்கும்."

சுகுமாரால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து ஓடினான். "பிருந்தா! துளிகூட சிவப்பு இல்ல! புதுக் கல்லு மாதிரி வேலை செய்யுது!"

பாக்கியமேரி அண்ணாந்து சிலுவை போட்டுக்கொண்டாள். பிருந்தாவுக்குச் சிரிப்பு பொங்கியது. களைக்காத கல்! பட்டம், பாராட்டு, பேப்பரில் போட்டோ எல்லாம் இலைக்கு எதிரே வரிசை கட்டி நின்றன.

"ஆமா, தொட்டிகிட்ட யாருக்கா இவ்ளோ புளிச் சக்கை கொட்டினது?" என்று வெளியிலிருந்து கேட்டான் சுகுமார். "ஊருக்கே மீன் குழம்பு வெச்சீங்களா?"

"இன்னாப்பா நக்கலா? சுத்தமா வெச்சிக்கோன்னு மேடம்தான் சொல்லிச்சு. சனிக்கெழமையானா கல்லையெல்லாம் அன்னக்கூடையில வாரிக் கொட்டி, பித்தள சாமான் தேய்க்கற மாதிரி புளியில ஊற வெச்சுத் தேச்சிருவேன். ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்குப் போவசொல்ல எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்."

பிருந்தா மலைத்துப் போனாள். வாரா வாரம் புளியின் அமிலம் ஈயத்தை உருவி எடுத்துத் துளைகளைக் காலி செய்திருக்கிறது. கல் எப்படிக் களைக்கும்?

"அக்கா, கட்டுரையில உங்க பேரையும் போடறேன்!"

"போட்டோவும் போடு மேடம்."

கடைசிக் கவளத்தை உருட்டியபோதுதான் பிருந்தாவின் கை நின்றது. கல்லை விட்டு வந்த ஈயம் எங்கேயாவது போயிருக்க வேண்டுமே.

"தேச்ச புளித்தண்ணிய என்னக்கா பண்ணீங்க?"

"வீணாக்குவேனா?" கரண்டியால் இலையைக் காட்டினாள் பாக்கியமேரி. "இந்தக் கீரைக்குத்தான்."