தலையணை இல்லாத வாரம்

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அறையில் அவளும் சவுண்டுக்காரரும் மட்டும்தான் இருந்தார்கள். சிரிப்பு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. திரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள், தன் சொந்த முகத்தோடு, தன் சொந்த இடுப்போடு.

சரியாகப் பதிவாகாத இரண்டு வார்த்தைகளைத் திரும்பப் பேசத்தான் அவளை வரச்சொல்லியிருந்தார்கள். பேசி முடித்தாயிற்று. ஆனாலும் கிளம்ப மனமில்லாமல், அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

டிவி பார்க்கிறவர்களில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்தது அவளுடைய தலையணையைத்தான். இருக்கிற உடம்பு போதாதென்று காஸ்ட்யூம்காரம்மா அவள் இடுப்பில் ஒரு தலையணையை வைத்து இறுக்கிக் கட்டிவிடுவார். அவள் போய் உட்கார வேண்டும், நாற்காலி உடைய வேண்டும். அவ்வளவுதான் நகைச்சுவை. இதுவரை எத்தனை நாற்காலி உடைந்தது என்று தச்சரைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் அந்த நிகழ்ச்சி ஓடும்போது அவள் முழுதாகப் பார்ப்பதில்லை. உட்காரப் போகிற காட்சி வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிடுவாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நாற்காலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதையும் மகள் சொல்லவில்லை, மகளின் சிநேகிதி வாய்தவறிச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் டைரக்டர் முன்னால் போய் நின்றாள். தலையணை இல்லாமல், தானே எழுதியதை, தானாகவே நின்று பேச ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டாள். கெஞ்சினாள் என்பதுதான் சரி. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன், சிரித்தார்களென்றால் இனிமேல் நீ நீயாகவே இரு, இல்லாவிட்டால் பேசாமல் தலையணையைக் கட்டிக்கொள் என்றார்.

படப்பிடிப்பு அன்று வரிசை வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். அவள் வீட்டுக் கதையைத்தான் பேசினாள்.

"நெஞ்சு வலிக்குதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேங்க. டைமிங் சரியில்ல, மறுபடி சொல்லுன்னார்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கண்ணைக் கூசுகிற விளக்குகளுக்குப் பின்னால் இருட்டு அப்படியே இருந்தது. ஒரு சிரிப்பும் காதில் விழவில்லை. அன்று வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அது வீட்டுத் தலையணை.

இப்போது அதே இடத்தில் கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது.

எப்போதோ பதிவுசெய்து வைத்த சிரிப்பைக் காட்சியோடு ஒட்டுகிற ஒட்டுச் சிரிப்பு என்று ஒன்று இந்தத் தொழிலில் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்த நிகழ்ச்சிக்கு எதற்கு ஒட்டு? சிரித்திருக்கிறார்கள். பதற்றத்தில் தனக்குத்தான் காது அடைத்துப் போயிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலில் மகளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

மூன்றாவது தடவை போட்டபோதுதான் சிரிப்பின் வாலில் ஒன்று தனியாகக் கேட்டது. எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒரு பெண் மட்டும் மூச்சு முட்டச் சிரித்து, விக்கி, நிறுத்துகிறாள்.

அந்த விக்கலை அவளுக்குத் தெரியும். அது அவளுடையது. மேடையில் நின்று பேசுகிறவளால் கூட்டத்தில் உட்கார்ந்து சிரிக்க முடியாது.

அவள் முகம் போன போக்கைச் சவுண்டுக்காரர் கவனித்துவிட்டார். நல்ல மனுஷர், பொய் சொல்ல வராது. அன்றைக்கு மைக்கில் நாலைந்து இருமல்தான் விழுந்திருந்ததாம். அப்படியே விட்டால் அசிங்கமாக இருக்குமென்று டைரக்டர்தான் எப்போதும் போடுகிற சிரிப்பை ஒட்டச் சொன்னாராம். அடுத்த வாரத்துக்குத் தலையணை கூடத் தயார், புது உறை போட்டாயிற்று, உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

எப்போதும் போடுகிற அந்தச் சிரிப்பை எடுத்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. வாய்ப்புக் கேட்டு இந்தக் கம்பெனிக்கு முதன்முதலாக வந்த நாள் அது. வந்தவர்களையெல்லாம் ஓர் அறைக்குள் அடைத்து, மைக் முன்னால் சிரிக்கச் சொன்னார்கள். சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? எல்லோரும் ஈயென்று இளித்தார்கள். அன்றைய டைரக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு, வந்திருந்தவர்களில் குண்டாக இருந்த ஒரு பெண்ணைக் கைகாட்டி, சுவருக்குச் சுவர் ஓடச் சொன்னார். ஓடாவிட்டால் வாய்ப்புப் போய்விடுமே என்று அந்தப் பெண்ணும் ஓடினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவள் உடைத்த நாற்காலிகளுக்கெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

சவுண்டுக்காரர் அவளைத் தேற்ற நினைத்தார் போலும். பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிப்பை மட்டும் ஓடவிட்டார். வால் வந்ததும் விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு ஒண்ணுதான் மனசுவிட்டுச் சிரிக்குதுக்கா. எப்படி மூச்சு முட்டுது பாருங்க. அப்படி என்னத்தைப் பார்த்துச்சோ."

"ஒண்ணையும் பார்க்கல தம்பி. அது ஓடி வந்த இளைப்பு."

அவள் எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகியவர் அவர். விழுந்து விழுந்து சிரித்தார்.