போன நேரம்

"அக்கா, இன்னிக்கு மட்டும் கூட வாயேன்," என்றான் தம்பி. அவனுடைய படபடப்புக்குத் தினமும் ஓடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"உன்கூட ஓடி உன் பயம் எனக்கும் ஒட்டிக்கணுமா? போடா." போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அன்று மைதானத்தில் மூன்றாவது சுற்றில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் மைதானத்துக் காவலாளி கடுகடுவென்று வீடு தேடி வந்தார். அங்கே ஓட வருகிறவர்கள் நோட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதவேண்டும்.

"உங்க தம்பி தினமும் வந்த நேரத்தை மட்டும் எழுதுறாரு. திட்டு வாங்குறது நான்."

"அவன் செத்துட்டான்யா!"

"தெரியும்மா. நான்தானே தூக்கினேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

சண்டை போடத்தான் போனேன். நோட்டில், அவன் விழுந்த நாளிலிருந்து, போன நேரம் இல்லாமல், அவனுடைய கோணல் எழுத்தில் பத்து வரிகள் இருந்தன. அன்றைய வரிக்குக் கீழே, அதே எழுத்தில், என் பெயரும் வந்த நேரமும் இருந்தன.

"பேர் போட்டாச்சுல்ல, ஓடுங்க," என்றார் காவலாளி.

இப்போது இரண்டு வருடமாகிறது. தினமும் ஓடுகிறேன், மூன்றாவது சுற்றில் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போன நேரத்தை அழுத்தி எழுதிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். மறுநாள் காலையில் என் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.