காபிக் கட்சி

அப்பாவின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. துவைக்கப் போடுவதற்கு முன் பைகளைத் துழாவுவது அவள் வேலை. ஸ்க்ரூ ஆணியும் பஸ் டிக்கெட்டும் வரும் பையிலிருந்து இன்று தீப்பெட்டி வந்தது.

சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் சட்டையில் கிரீஸ் வாடைதான் அடிக்க வேண்டும். அதையும் மீறிக்கொண்டு சிகரெட் வாடை அடித்தது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அன்றோடு விட்டவர். இரண்டு வருஷமாகத் தொட்டதில்லை. "இன்னொரு தடவை பத்த வச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க, நேரா மேல போயிடுங்க" என்று டாக்டர் சொன்னதை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

இப்போது மறுபடி தொட்டிருக்கிறார். காரணம் பால்கனியில் இருந்தது. இரண்டு பெரிய கண்ணாடி ஜாடி, கழுத்து வரைக்கும் சிகரெட் துண்டுகள். தெருவில் துண்டு கிடக்கக் கூடாது என்று கல்லூரிக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அவள் ஆரம்பித்த இயக்கத்துக்காகப் பொறுக்கியவை. கண்காட்சிக்கு வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தவளும் அவள்தான். என்னதான் மூடினாலும் ஈரக் காற்று அடித்தால் அந்த நாற்றம் வீடு முழுக்க உலாத்தும்.

"விட்ட மனுஷன் மூக்குக்கு நேரா கொண்டாந்து வச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?" என்று அம்மா அன்றைக்கே கேட்டாள்.

"அப்பா என்ன சின்னக் குழந்தையா?" என்று இவள் வாயடித்தாள். இப்போது அந்த வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதுவும் இயக்கம் இப்போதுதான் தலை நிமிர்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில், கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றை மாட்டியிருந்தார்கள். மேலே 'டீயா? காபியா?' என்று கேள்வி. கீழே இரண்டு ஓட்டை. சிகரெட் குடித்து முடித்தவர் துண்டைத் தரையில் எறியாமல் தனக்குப் பிடித்த பக்கம் போட வேண்டும். அதுதான் ஓட்டு.

முதல் வாரம் ஒரு ஓட்டும் விழவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்று குடித்து, பெட்டிக்குக் கீழேயே போட்டு மிதித்துவிட்டுப் போனார்கள். "இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். இப்படியே காலியா கெடந்தா கழட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார் சுகாதார அதிகாரி.

அன்று சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்து அழுதாள்.

"இதுக்கா அழுவாங்க? கீழ கெடக்குறதையே நாலு எடுத்துப் போட்டா நிறைஞ்சுட்டுப் போகுது" என்றாள் அம்மா.

"அது கள்ள ஓட்டும்மா. குடிக்கிறவங்களே கொண்டுபோய்ப் போடணும். அப்பத்தான் கணக்கு."

அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அப்பா கை கழுவ எழுந்துவிட்டார்.

நல்ல வேளையாக, இரண்டாம் வாரத்திலிருந்து விழ ஆரம்பித்தது. டீப் பக்கம் ஈயாடியது. காபிப் பக்கம் மட்டும் மளமளவென்று ஏறியது. கூட்டாளிகளில் 'கண்ணாடி' என்று பெயரெடுத்தவன் அதைப் படம் பிடித்து, 'காபிக் கட்சி அமோக வெற்றி' என்று ஊருக்கெல்லாம் அனுப்பினான்.

டீக்கடைக்காரர்தான் தலையைச் சொறிந்தார். "என் கடையில காபியே கிடையாதேம்மா. எவன் இப்படி என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறான்?"

அதைக் கேட்டு அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவள், இன்று தீப்பெட்டியோடு பால்கனிக்குப் போனாள்.

ஜாடிகளுக்குப் பக்கத்தில் அப்பா காபியோடு உட்கார்ந்திருந்தார். இருமிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் இருமலை விழுங்கினார். அவள் தீப்பெட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் முதலில்.

"இல்ல. எத்தனைப்பா ஒரு நாளைக்கு?"

"பஸ் ஏறுறப்ப ரெண்டு மூணு. இறங்குறப்ப ரெண்டு மூணு."

"நெஞ்சு?"

"மாடி ஏறினா கொஞ்சம் அடைக்குது. அதெல்லாம் சரியாயிடும்."

திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை? "தப்பு என்னோடதுதான்ப்பா. இந்த ஜாடியைக் கொண்டாந்து வச்சு உங்க ஆசையைக் கிளப்பிவிட்டதே நான்தான். இப்பவே தூக்கிப் போட்டுடறேன். நீங்களும் விட்டுடுங்க."

அப்பா ஜாடியை அப்போதுதான் கவனிப்பவர்போலப் பார்த்தார். "இதுவா? இதைப் பார்த்தா குமட்டத்தாம்மா செய்யுது."

"அப்புறம் ஏன்ப்பா?"

அவர் ஆறிப்போன காபியை ஊதிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. கண்ணாடிதான். அவன் சொன்னதைக் கேட்டதும், இருந்த துக்கத்திலும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சந்தோஷப்படுகிறோமே என்று அதற்கும் குறுகுறுத்தது. இருந்தாலும் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்பா, நம்ம பெட்டி பாஸாயிடுச்சு. ஊர் முழுக்க இன்னும் இருபது வைக்கப் போறாங்களாம்."

அப்பாவின் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது.

"இருபதா? அவ்வளவு என்னால முடியாதும்மா."