பல்செட்டின் கவலை

டம்ளர் தண்ணீரில் கிடந்த பல்செட், பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடியிடம் புலம்பியது.

"நான் வந்து இரண்டு மாதம் ஆச்சு. உறுத்துதாம். ஒரு முறுக்குகூடக் கடித்ததில்லை."

"காது வலிக்குதுன்னு என்னையும் டிராயரில் போட்டவர்தான் இந்தக் குமரகுருபரர். பொறு," என்றது கண்ணாடி.

அன்று தண்ணீர் மோட்டாருக்காகப் பக்கத்து வீட்டு அருணகிரியோடு சண்டை. குமரகுருபரர் கத்தக் கத்த, முன்பல் நான்கும் இல்லாத வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அருணகிரி சிரித்துவிட்டார்.

விறுவிறுவென்று உள்ளே வந்து பல்செட்டை மாட்டிக்கொண்டு போனவர், பல்லை நறநறவென்று கடித்தார். அருணகிரியின் சிரிப்பு நின்றது. அதன்பிறகு, அருணகிரி எந்நேரமும் எதிரே வரலாம் என்று, பகலில் குமரகுருபரர் பல்செட்டைக் கழற்றவே இல்லை.

ஒருநாள் அருணகிரி வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. வாய்க்குள்ளிருந்த பல்செட் பதறிப்போய், மூக்கின் மேலிருந்த கண்ணாடியிடம் கேட்டது:

"நன்றாகப் பார்த்துச் சொல்லு! சாமானை ஏற்றுகிறார்களா, இறக்குகிறார்களா?"