ஜீரோ வோல்ட்

வாசல்கதவின் எண்பூட்டுக்கு அடியில் இரண்டு உலோகப் பொட்டுகள். எதற்கென்று தருணுக்குப் புரியவில்லை. மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரின் முனைகளை அவற்றில் வைத்தான். திரையில் ஜீரோ.

குப்பை போட வெளியே வந்த சுப்ரஜாவின் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அத்தோடு எண்பூட்டின் பேட்டரியும் தீர்ந்தது. மாற்றுச் சாவி உள்ளே. ஒன்றரை வயது மகளும் உள்ளே. அடுப்பில் பால் தீயும் வாடை வந்தது, குழந்தை இருமினாள்.

பைக்கில் பார்க்குக்குப் போய் ஜாகிங் முடித்துத் திரும்பிய அவள் கணவன் தருண், எதிர்வீட்டு ஜோஷியிடம் மீட்டரை வாங்கியிருந்தான்.

"கதவைத் திறக்கச் சொன்னா, அளந்துட்டு நிக்கறே."

"கொஞ்சமாவது கரண்ட் மிச்சமிருக்கான்னு பாக்கறேன் சுப்பு. எங்க தொட்டாலும் ஜீரோதான்."

"பூட்டுக்காரன் இன்னும் ஊருக்கு வெளிய கடக்வாஸ்லாவுலயே இருக்கானாம். பாப்பா குரலே கேக்கலை, தருண்."

உள்ளே இருமல் நின்றிருந்தது. அவள் அந்த ஜீரோவையே வெறித்தாள்.

"இந்த ஜீரோவைக் காட்ட மீட்டருக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

அவன் கை அப்படியே நின்றது. அந்தப் பொட்டுகள் கரண்ட் கொடுப்பவை அல்ல, வெளியிலிருந்து வாங்கிக்கொள்பவை.

பைக் சாவியால் மீட்டரின் முதுகை நெம்பினான். உள்ளே இருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு பொட்டுகளில் அழுத்திப் பிடித்தான். பூட்டில் எண்கள் ஒளிர்ந்தன. சுப்ரஜா மகளின் பிறந்தநாளைத் தட்டினாள். கதவு திறந்தது.