ஷவ்கி வீட்டுத் துக்கம்

ஷவ்கி வீட்டில், சாவு வீட்டு வழக்கப்படி, சர்க்கரை போடாத காப்பி வந்துகொண்டே இருந்தது. அவர் மனைவி கறுப்பு உடுப்பில், சோபா மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வந்தவர்களெல்லாம் ஷவ்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோங்க, அல்லாஹ் விதிச்சது அவ்வளவுதான்" என்றார்கள்.

செத்தது யாரும் இல்லை. மகள் ரீஹாமுக்குப் பள்ளி இறுதித் தேர்வில் எண்பத்தாறு சதவீதம் வந்திருந்தது. நன்றாகப் படித்த பிள்ளையை நடுவில் உட்காரவைத்து ஒப்பாரி வைக்கும் இந்தக் கூத்து, எகிப்தின் தந்தா நகரத்தில் வருஷாவருஷம் நடப்பதுதான்.

ரீஹாம் மட்டும் தன் கோப்பையில் சர்க்கரை போட்டு நிதானமாகக் கலக்கினாள்.

மருத்துவத்துக்கு அந்த மார்க் பத்தாது. மகளுக்குப் பால்பல் விழுந்த நாளிலிருந்து "டாக்டரம்மா" என்று கூப்பிட்டு வந்த மனுஷன் ஷவ்கி. ரிசல்ட்டுக்கு முன்பே பெயர்ப்பலகைகூட எழுதி வாங்கிவிட்டார். அது இப்போது சுவரைப் பார்த்தபடி நின்றது.

ஷவ்கியின் அண்ணன் லுத்ஃபி வந்தார். அவர் நிஜ டாக்டர்; அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.

"நம்ம குடும்பத்துல எண்பத்தாறா? டைல்ஸ் கடைக்காரன் வீட்டுப் பிள்ளை டைல்ஸ் கடையைத் தாண்டாதுன்னு நான் அப்பவே சொன்னேன்!"

டைல்ஸ் கடை வைத்திருந்த ஷவ்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஒரு வாயை மூடத்தானே மகளை டாக்டராக்கப் பார்த்தார்! பிள்ளைக்கு அதில் ஆசை உண்டா என்று அவர் யோசித்ததே இல்லை.

"காசு கட்டித் தனியார் கல்லூரியில..." என்று இழுத்தாள் மனைவி.

"கொட்டிக் கொடுக்க இங்க என்ன புதையலா இருக்கு? வாயை மூடு!"

மாடிவீட்டு மாஸின், பாகில் ஊறிய ரவை இனிப்பான பஸ்பூசா ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதே தேர்வு எழுதிய அவனுக்கு மருத்துவம் நிச்சயம்.

"இனிப்பு ரீஹாமுக்கு, மாமா. இயற்பியலும் வேதியியலும் அவதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தா. அவ இல்லேன்னா நான் பாஸே ஆகியிருக்க மாட்டேன்."

"ஊருக்கு வாத்தியார் வேலை பார்த்துட்டு, தன் பரீட்சையில கோட்டை விட்டுட்டா!" ஷவ்கி தட்டைத் தொடவில்லை. லுத்ஃபி பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

"இந்த மார்க்குக்கு என்னதான் கிடைக்கும், பெரியப்பா?" என்று கேட்டாள் ரீஹாம்.

"என்ன கிடைக்கும்? தொல்லியல்! பழைய எலும்பும் உடைஞ்ச சட்டியும் பொறுக்கலாம்."

ஷவ்கிக்குப் போன வருஷச் சண்டை ஞாபகம் வந்தது. இதே படிப்பைத்தான் அவள் கேட்டாள். "மருத்துவத்துக்கு மார்க் வாங்குற பிள்ளை அதைப் படிச்சா, அத்தனை மார்க்கும் வீண்தானே? ஊரே சிரிக்கும்!" என்று கத்தி அவள் வாயை அடைத்திருந்தார். மார்க்கு எவ்வளவு உசத்தியோ அவ்வளவு உசத்தியான படிப்பு, ஆசையாவது மண்ணாவது என்பதுதானே இவர்கள் புத்தி.

இப்போது வீணாக்க மார்க் ஏது?

"அப்ப அதையே போடட்டுமாப்பா?"

"போட்டுத் தொலை! எந்தக் குப்பையைப் படிச்சா என்ன இனிமே?"

ரீஹாம் அங்கேயே கைப்பேசியில் விருப்பப் படிப்பைப் பதிந்தாள். பதிந்து முடித்ததும் பஸ்பூசாவில் ஒரு துண்டை எடுத்து ரசித்துத் தின்றாள்.

ஷவ்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெக்கமா இல்ல உனக்கு? இந்தப் பயலுக்கு நீ சொல்லிக்கொடுத்த கேள்வியையே நீ தப்பாப் போட்டிருக்கியே, அது எப்படிடி?"

ரீஹாம் விரலில் ஒட்டிய பாகைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை தப்பாப் போட்டா மருத்துவம் கிடைக்காதுன்னு பார்த்துத்தான்பா போட்டேன்."