இரண்டு கிளட்ச்சும் ஒரு பெடலும்

செம்பாக்கம் ஏரிப் பக்கத்து வெயில் பட்டறைத் தகரத்தின் கீழே நுழைந்து, மேசையில் இருக்கும் இரண்டு புது கிளட்ச்சுகளின் மேல் விழுகிறது. என் மருமகள் ஜெரூஷா தன் டர்போ காருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறாள். "இது எவ்ளோ பவர் ஏத்துனாலும் தாங்கும்க்கா. பெடல்தான் கல்லு மாதிரி கீது," என்கிறான் மெக்கானிக் பத்ரி. அதே கிளட்ச் போட்ட வேறொரு கார் அருகில் நிற்கிறது. "மாமா, நீங்க மிதிச்சுப் பாருங்க," என்கிறாள் ஜெரூஷா. ஞாயிறுதோறும் அவள் காரை ஓட்டிக் குடும்பத்தைச் சர்ச்சுக்கு அழைத்துச் செல்வது நான்தான்; அந்த இருக்கையை மகனுக்குக்கூட விட்டதில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மிதிக்கிறேன். பாதியிலேயே முழங்கால் நடுங்குகிறது. "ஒண்ணும் கஷ்டமில்ல," என்கிறேன். ஜெரூஷா என் முகத்தைப் பார்க்கவில்லை. நடுங்கும் வேட்டியைப் பார்க்கிறாள். "எனக்கு இது வேணாம் பத்ரி. தாம்பரம் டிராஃபிக்ல கால் செத்துடும். அந்த லேசானதையே போடு."

"இன்னாக்கா, இதத்தான இத்தினி நாளா கேட்டுகினு இருந்த?"

"வயசாகுதுல்ல."

"முப்பதுலயா?" பத்ரி சிரிக்கிறான். கல்லூரி ஓட்டப்பந்தயங்களில் ஜெயித்த காலை அவள் வலிப்பதுபோல் தேய்த்துக்கொள்கிறாள். "அவ காலுக்கு எது சவுகரியமோ அதையே போடுப்பா," என்கிறேன், மாமனாருக்கு உரிய கண்டிப்போடு. அவள் கதவைத் திறந்து கையை நீட்டுகிறாள். பத்ரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடித்து இறங்குகிறேன்.